வெயில் ஊரில் குளிர்நாட்டு சிரா: வாங்குவது முதல் மிச்சம் வைப்பது வரை

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒருமுறை ஆறேழு பேர் கூடுவோம். ஒன்றோ இரண்டோ பாட்டில் ஒயின், அதை நிதானமாக முகர்ந்து சுவைத்துப் பேசுவது, அவ்வளவுதான். நான் பயணக் கப்பல்களில் சாப்பாட்டுக்கூடத்தில் ஒயின் ஊற்றும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன். கரைக்கு வந்தபின் இந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது குளிர்நாட்டு சிரா என்ற சிவப்பு ஒயினிடம்தான். "புளிக்குதுபா", "தண்ணி மாதிரி கீது", "ரப்பர் நாத்தம் அடிக்குது" என்று மூன்று புகாரும் ஒரே பாட்டிலுக்கு வந்ததுண்டு. அந்தப் பாட்டிலில் ஒரு குறையும் இல்லை. நாங்கள்தான் முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தோம். அதனால் இந்த வழிகாட்டியை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சை. வெயில் அதிகமான இடத்தில் அது நன்றாகப் பழுத்து, ஜாம், சாக்லேட் என்று கனமாக வரும். குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் பழுக்கும். புளிப்பு கரையாமல் நிற்கும், சர்க்கரை குறைவாக ஏறும், அதனால் ஆல்கஹாலும் குறையும். கூடவே மிளகு, புகை, உப்புக்கண்டம் மாதிரியான காரசாரமான வாசனைகள் முன்னுக்கு வரும். இனிப்பைத் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ரசம் குடித்து வளர்ந்த நமக்கு அப்படி இருக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே வேண்டியவை: வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ் ஆளுக்கு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், ஐஸ், சமையலறை தெர்மாமீட்டர், ஒரு கண்ணாடி ஜக், துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் கப். வண்டி ஓட்டி வந்தவர் துப்பித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்கவும் அருந்தவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் நாள்: மூக்குக்குப் பாடம்

பாட்டிலைத் திறப்பதற்கு முந்தின நாளே இதைச் செய்யுங்கள். ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் சிராவுக்கு வயலட் பூ, பிளாக்பெர்ரி, பேக்கன், ஆலிவ் என்று பட்டியல் போடுவார்கள். இவற்றில் ஒன்றோடும் வளராத மூக்கு, கிளாஸுக்குள் அவற்றைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதனால் நம் வீட்டுச் சரக்கை வைத்து ஆரம்பிக்கலாம்.

சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் இவற்றை வையுங்கள்: ஒன்றிரண்டாக இடித்த மிளகு, நசுக்கிய நாவல்பழம், சூடான தோசைக்கல்லில் ஒரு நிமிடம் போட்டெடுத்த உப்புக்கண்டம், மாவடு ஊறிய தண்ணீர். நாவல்பழம் ஜூன், ஜூலையில்தான் தள்ளுவண்டியில் வரும். மற்ற மாதங்களில் களாப்பழம் கிடைத்தால் போதும். வயலட்டுக்கு நேரான பூ நம் ஊரில் இல்லை. சாயங்காலம் மருதாணிப் புதரைத் தாண்டும்போது வரும் வாசம் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. இது என் மூக்கின் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை. வாசனை தெரிவது ஒன்று, அதன் பெயர் சட்டென்று வாய்க்கு வருவது வேறொன்று. பழக வேண்டியது இரண்டாவதுதான்.

மிளகிடம் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். சிராவில் வரும் மிளகு வாசனை வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகிலும் இருக்கிறது, திராட்சைத் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டு, அதில் 16 பங்கு. குளிர்ந்த, நிழலான இடத்தில் பழுக்கும் குலைகளில் இது கூடுதலாகச் சேரும். குளிர்நாட்டு சிராவின் அடையாளமே இதுதான்.

இன்னொரு விஷயம். அதே ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே அதிகமான அளவிலும் ரோட்டண்டோனின் வாசனை தெரியவில்லை. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார் என்று சந்தேகம். எல்லோரும் மிளகு மிளகு என்னும்போது அவர் மட்டும் திருதிருவென்று முழிப்பார். இடித்த மிளகை வைத்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது, ஏனென்றால் மிளகில் வேறு வாசனைகளும் நெடியும் உண்டு. கிளாஸில் உங்களுக்கு மிளகு தெரியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். புகையும் பழமும் உங்களுக்கு இருக்கின்றன.

2. பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் அளவு. 12.5 முதல் 13.5 சதவீதம் என்றால் குளிர்நாட்டுச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 14.5க்கு மேல் போனால் அது பழுத்துக் கனத்த வகை. இந்த ஒரு எண் பல நேரம் கடைக்காரரின் விளக்கத்தைவிட உண்மை பேசும்.

அடுத்து ஊர்ப் பெயர். பிரெஞ்சு பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயரே இருக்காது, இடத்தின் பெயர்தான் இருக்கும். வட ரோன் பகுதியில் கோட்-ரோட்டி, எர்மிட்டாஜ், குரோஸ்-எர்மிட்டாஜ், சென்-ஜோசெஃப், கோர்னாஸ் என்று எது எழுதியிருந்தாலும் சிவப்பு என்றால் உள்ளே முக்கியமாக சிராதான். கோட்-ரோட்டியில் மட்டும் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கலாம். ஆரம்பத்துக்கு குரோஸ்-எர்மிட்டாஜ் போதும். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு, இளசாகவே குடிக்கலாம்.

நியூசிலாந்தில் ஹாக்ஸ் பே, ஆஸ்திரேலியாவில் யாரா பள்ளத்தாக்கு, கான்பெரா வட்டாரம், சிலியில் லிமாரி, எல்கி என்ற பெயர்களும் நல்ல அடையாளம். புது நாடுகளில் "ஷிராஸ்" என்று போடாமல் "சிரா" என்று போட்டால், பாணியைக் குறிப்பாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சட்டம் எதுவும் இல்லை, மரபுதான். கான்பெராக்காரர்கள் பலர் ஷிராஸ் என்றே போடுகிறார்கள், ஒயின் மிளகு மணக்கும்.

வெளிநாட்டு ஒயின் வேண்டுமென்றால் டாஸ்மாக் எலைட் கடைகளில்தான் தேட வேண்டும். வகை குறைவு, கேட்டது கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் இருந்தால் சுங்க வரியில்லாமல் 2 லிட்டர் மதுபானம் வரை கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும்.

எங்கே வாங்கினாலும் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் ஒயின் வழிந்து காய்ந்த கறை இருந்தாலோ அது வெயில் பட்ட பாட்டில். ஒரு கடையில், கதவோரம் மத்தியான வெயில் விழும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நானும் ஆசையில் வாங்கிவிட்டேன். திறந்தால் வேகவைத்த திராட்சை வாசனை. வாங்கியதை வீட்டில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் ஊரில் அலமாரி என்பது அடுப்புக்குச் சமம்.

3. மாடியையும் கிளாஸையும் வாசனையில்லாமல் ஆக்குவது

கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். மல்லிகைப் பூ, சென்ட் வேண்டாம். கீழே யாராவது மீன் வறுத்தால் காத்திருங்கள். காசிமேட்டு மீன் துறைமுகக் காற்றை நம்மால் நிறுத்த முடியாது, ஆனால் ஒரே சீராக அடிக்கும் வாசனைக்கு மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும். காற்று திரும்பி மணலி ஆலைகள் பக்கம் இருந்து வந்தால் மட்டும் நாங்கள் உள்ளே போய்விடுவோம்.

கிளாஸ்தான் அதிகம் ஏமாற்றும். அட்டைப்பெட்டியில் கிடந்த கிளாஸ் அட்டை வாசம் அடிக்கும், அந்துருண்டை போட்ட அலமாரியில் இருந்தது அதைவிட மோசம். பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசமும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு போகக் கழுவி, கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசி, கவிழ்க்காமல் நிமிர்த்தி உலர விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் வாசம் உலர்ந்தபின்னும் லேசாக நிற்கும். ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஒன்றும் வரக்கூடாது.

4. குளிர வைப்பது

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை, 16 அல்லது 18 டிகிரி இருக்கும். மே மாதம் இரவு எட்டு மணிக்கு எங்கள் மாடியில் 32 டிகிரி. குளிர்நாட்டு சிராவுக்கு 14 முதல் 16 டிகிரி வேண்டும்.

ஏன் என்று சொல்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். ஒரே பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸை வெளியே அரை மணி நேரம் விட்டுவிட்டு, இன்னொன்றை 15 டிகிரியில் ஊற்றினேன். சூடான கிளாஸில் முதலில் மூக்கில் குத்தியது ஸ்பிரிட். அதற்குப் பின்னால் ஏதோ பழ வாசனை, வாயில் புளிப்பும் இல்லாமல் துவர்ப்பும் இல்லாமல் வழவழவென்று ஒரு தளர்ச்சி. குளிர்ந்த கிளாஸை முகர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து, "இன்னா நைனா, ரசம் தாளிச்ச மாதிரி கீது?" என்றார். அதே பாட்டில்தான் என்று நம்ப வைக்க அவர் முன்னாலேயே மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று. சூட்டில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மற்ற வாசனைகளை மூடிவிடுகிறது. குளிர்நாட்டு சிராவில் ரசிக்க வேண்டிய மெல்லிய வாசனைகள்தான் முதலில் அடிபடும்.

செய்முறை: பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்குங்கள். 32 டிகிரி பாட்டில் 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் குத்தி வைத்தால் பாட்டிலைச் சுற்றி காற்றுதான் அதிகம் இருக்கும், நேரம் இழுக்கும். ஃப்ரிட்ஜ் என்றால் 2 மணி நேரம். ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

ஃப்ரீசர் வேண்டாம். வைத்தவர் பேச்சில் மறந்துவிடுவார். 10 டிகிரிக்குக் கீழே போனால் வாசனை அடங்கி, துவர்ப்பு கசப்பாக மாறும். ஆனால் அதிகம் குளிர்ந்ததைச் சரிசெய்வது சுலபம். கிளாஸைக் கையில் அணைத்துப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். சூடானதைத் திருப்ப முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் குளிர்ந்த பக்கமே சாய்ந்திருங்கள்.

ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒருமுறை நண்பர் ஒருவர், பாட்டிலுக்கு வெளியேதானே என்று மீன் துறைமுகத்திலிருந்து பாதி ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கணக்கு சரிதான். ஆனால் பாட்டிலைத் தொட்ட கையெல்லாம் நெத்திலி வாசம். அன்றைக்கு யாருக்கும் மிளகும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை.

இலக்கைத் தொட்டதும் பாட்டிலைப் பக்கெட்டிலிருந்து எடுத்து, ஒரு சின்ன தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் பை ஒன்றோடு வைத்து மூடுங்கள். புதுப் பெட்டி, மீன் ஏற்றியது வேண்டாம். ஈரத்துணி சுற்றுவது நம் ஊரில் பலிக்காது, கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணி காயாது, குளிர்ச்சியும் வராது. கிளாஸில் ஒரு தடவைக்கு 60 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். நம் வெக்கையில் கால் மணி நேரத்துக்குள் அது 20 டிகிரியைத் தாண்டிவிடும்.

5. திறந்து ஆற்றுவது

சிரா மூடியே இருந்ததில் சில நேரம் ரப்பர், எரிந்த தீக்குச்சி, அவித்த முட்டை மாதிரி ஒரு வாசனை பிடித்துக்கொள்ளும். காற்று படாமல் இருந்ததால் தங்கிய கந்தகச் சேர்மங்கள் அவை. புதியவர்கள் இங்கேதான் "கெட்டுப்போச்சு" என்று கொட்டப் போவார்கள். கொட்டாதீர்கள். முன்பே குளிர வைத்த ஜக்கில் ஊற்றி, மறுபடி பாட்டிலில் ஊற்றுங்கள். டீ ஆற்றுவது மாதிரி உயரத் தூக்க வேண்டாம், இரண்டு தடவை போதும். ஜக் குளிராக இல்லாவிட்டால் நாலாம் படியில் செய்த வேலை வீணாகும். ஜக் இல்லையென்றால் எவர்சில்வர் சொம்பு பரவாயில்லை. பித்தளை வேண்டாம், புளிப்பு அதில் பிடிக்கும்.

உண்மையிலேயே கெட்ட கார்க்கின் வாசனை வேறு. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும், ஆற்ற ஆற்றப் போகாது. அதைத் திருப்பிக் கொடுங்கள். திருகு மூடிப் பாட்டிலில் இது அரிது.

6. முகர்வது

கிளாஸை ஆட்டாமல் முதல் முகர்வு. உடனே இரண்டாவது, சுழற்றியபின். முதலில் லேசாக எழும் பூ வாசம் கிடைக்கும், சுழற்றினால் கனமான பழமும் புகையும் எழும். முதலிலேயே சுழற்றினால் பூ காணாமல் போகும்.

நேற்று வைத்த கிண்ணங்களை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். மிளகு உண்டா? பழம் புதிதா, சமைத்ததா? நாவல்பழம் மாதிரி கொஞ்சம் பச்சையாக இருந்தால் குளிர்நாடு, ஜாம் மாதிரி இருந்தால் வெயில் நாடு. உப்புக்கண்டமோ, வறுத்த சுவரொட்டியின் (ஆட்டு மண்ணீரல்) இரும்பு வாசமோ வந்தால் சந்தோஷப்படுங்கள், வட ரோன் சிராவுக்கு அது பேர்போன குணம். கறிவேப்பிலைக் காம்பு ஒடித்த மாதிரி பச்சை வாசம் வந்தால், குலையைக் காம்போடு புளிக்க வைத்திருக்கலாம். சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கும், என் மைத்துனருக்கு ஆகாது.

மூன்று முகர்வுக்கு ஒரு இடைவெளி. நடுவில் சொந்த முழங்கையை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும். காபிக்கொட்டை வேண்டாம், அதன் வாசனையே கிளாஸுக்குள் தொடரும். முகர்ந்து முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். ஒருவர் "மிளகு" என்றதும் மற்ற ஆறு பேருக்கும் மிளகு வந்துவிடும்.

7. வாயில் வைப்பது

ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து வாய் முழுக்க உருட்டி, துப்பியபின் கவனியுங்கள். விழுங்கும்போது எல்லாம் ஒன்றாக ஓடிவிடும்.

நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தால் துவர்ப்பு, நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுப்பது மாதிரி. தொண்டையில் சூடு என்றால் ஆல்கஹால். குளிர்நாட்டு சிராவில் எச்சில் அதிகம் ஊறும், துவர்ப்பு மெல்லிய பொடி மாதிரி இருக்கும், சூடு குறைவு. "தண்ணி மாதிரி" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டைத்தான் தேடுகிறார்கள். அவர்களிடம் துப்பியபின் முப்பது எண்ணச் சொல்லுங்கள். மிளகும் உப்பும் அப்போதும் நிற்கும்.

8. பக்கத்தில் ஒரு வெயில்நாட்டு ஷிராஸ்

ஒன்றைத் தனியாகக் குடித்து அதன் குணம் சொல்வது கடினம். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ், கிடைக்காவிட்டால் நாசிக் ஷிராஸ் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். குளிர்நாட்டுப் பாட்டில் முதலில், வெயில்நாட்டுப் பாட்டில் பின்னால். மாற்றினால், பழுத்த பழத்தின் தித்திப்பு நாக்கில் இருக்கும்போது அடுத்தது வெறும் புளித்தண்ணீராகப் படும். பாயசம் குடித்துவிட்டு மோர் குடிப்பது மாதிரி. முதல் கூட்டத்தில் நான் செய்த தப்பு இதுதான்.

9. சாப்பாடு

சுவைத்து முடித்தபின்தான் தட்டு வர வேண்டும். மிளகு போட்ட மட்டன் சுக்கா, ஈரல் வறுவல், சுவரொட்டி இவை நன்றாகச் சேரும். மிளகாய்க் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும். நம் பக்கத்தில் வஞ்சிரம் வறுவல் இல்லாமல் ஒரு கூட்டம் நடக்காது என்பது தெரியும். ஆனால் சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சி கிளப்பும். மீனை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

10. மிச்சம்

மிச்சத்தை மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும். வெளியே வைத்தால் நம் வெக்கையில் மறுநாளே காடி வாசம் தட்டும். இளம் சிரா பல நேரம் இரண்டாம் நாள்தான் நன்றாகத் திறந்திருக்கும், ரப்பர் வாசம் முழுக்கப் போயிருக்கும். அதனால் கடைசி 100 மில்லியை எடுத்து வைத்து, மறுநாள் தனியாக ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். மூன்றாம் நாளும் மிஞ்சினால் அது மட்டன் குழம்புக்குப் போகும். வீட்டில் கேட்டால் கொஞ்சம் புளி கூடிப்போச்சு என்று சொல்லிவிடுவேன்.